பழைய ஆம்ப்ளிஃபயர்: ஓசையை வைத்தே பழுதைப் பிடிப்பது எப்படி

பல வருஷம் உழைத்த கிடார் ஆம்ப் அல்லது கீபோர்டு ஆம்ப் மக்கர் செய்ய ஆரம்பித்தால், மூடியைத் திறந்து கண்ணில் பட்ட கண்டென்சரையெல்லாம் மாற்றித் தள்ளுவது பலரின் வழக்கம். சில சமயம் அதில் சரியாகியும் விடும். ஆனால் எது போயிருந்தது என்பது கடைசிவரை தெரியாது. இருபது இடத்தில் சால்டர் வைத்ததில் ஒன்று பிசகினால் ஒரு கோளாறு இரண்டாகிவிடும். முதலில் பழுது எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று பிடிக்க வேண்டும். பிறகுதான் எந்தப் பாகம் என்ற கேள்வி. அதற்கு ஆம்ப் போடும் சத்தமே பாதி வழி காட்டும்.

மூடியைத் திறக்கும் முன்

வேறு கேபிள், வேறு கிடார், வேறு ஸ்பீக்கர் மூன்றையும் மாற்றிப் பாருங்கள். "ஆம்ப் போச்சு" என்று பழுதுக்கு வருபவற்றில் கணிசமானவை கேபிளோடு முடிந்துவிடும்.

அடுத்தது, பின்பக்கம் எஃபெக்ட்ஸ் லூப் (வெளிக் கருவியை நடுவில் இணைக்கும் ஜாக்குகள்) இருந்தால் அதன் சென்ட், ரிட்டர்ன் இரண்டையும் ஒரு சின்ன கேபிளால் இணைத்துப் பாருங்கள். லூப்பில் எதுவும் செருகாதபோது சிக்னல் ரிட்டர்ன் ஜாக்கின் உள்ளே இருக்கும் ஒரு மெல்லிய தகடு வழியாகத்தான் போகிறது. வருஷக்கணக்கில் யாரும் அதைத் தொடாததால் தகடு கறுத்துவிடும். சத்தம் குறைந்து குறைந்து வருவது, ஓங்கி வாசித்தால் மட்டும் திடீரென்று முழுச் சத்தம் திரும்புவது எல்லாம் இதன் அடையாளம். கேபிள் போட்டதும் சரியானால் பழுது தெரிந்துவிட்டது. காண்டாக்ட் கிளீனர் அடித்து, பிளக்கைப் பத்துப் பதினைந்து முறை செருகி எடுத்தால் போதும்.

அதே ரிட்டர்ன் ஜாக்கில் கைப்பேசியிலிருந்து பாட்டை விட்டால் இன்னொரு விஷயமும் தெரியும். பாட்டு சுத்தமாக வந்தால் பவர் பகுதியும் ஸ்பீக்கரும் நன்றாக இருக்கின்றன, பழுது பிரீஆம்பில், அதாவது கிடார் சிக்னலை முதலில் பெருக்கும் பகுதியில். அதிலும் உடைந்து வந்தால் பிரீஆம்பைப் பிரித்து நேரத்தை வீணாக்க வேண்டாம்.

உயிர் முக்கியம்

வால்வு ஆம்பில் 300 முதல் 500 வோல்ட் வரை டிசி இருக்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும், டிசியைச் சீராக்கும் ஃபில்டர் கண்டென்சர்கள் அந்த மின்னூட்டத்தைப் பிடித்து வைத்திருக்கும், சில செட்டுகளில் மணிக்கணக்கில். டிரான்சிஸ்டர் ஆம்பில் மின்னழுத்தம் குறைவு என்றாலும் டிரான்ஸ்ஃபார்மரின் மெயின்ஸ் பக்கம் எல்லா ஆம்பிலும் ஒன்றுதான்.

கண்டென்சரைக் காலி செய்யத் திருப்புளியால் ஷார்ட் அடிப்பது தவறு. பொறி பறந்து கண்டென்சரின் உள்கட்டும் கெடும், திருப்புளி முனையும் உருகும். 10 கிலோஓம், 5 வாட் ரெசிஸ்டரின் இரு முனையிலும் கிளிப் வயர் சால்டர் செய்து, மேலே இன்சுலேஷன் ஸ்லீவ் போட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஒரு முனையைச் சேஸிஸில் (ஆம்பின் உலோகச் சட்டத்தில்) மாட்டிவிட்டு, மறுமுனையைக் கண்டென்சரின் பாஸிட்டிவில் மாட்டுங்கள். 100 மைக்ரோஃபாரட் கண்டென்சர் ஐந்து விநாடியில் 450 வோல்ட்டிலிருந்து ஏறக்குறைய 3 வோல்ட்டுக்கு இறங்கிவிடும். மீட்டரால் அளந்து பார்த்த பிறகே கையை உள்ளே விடுங்கள். கிளிப்பை எடுத்துவிட்டால் வோல்ட்டேஜ் தானாகக் கொஞ்சம் ஏறும் என்பதால், வேலை முடியும்வரை அது மாட்டியே இருக்கட்டும். மறுபடி ஆன் செய்யும் முன் எடுக்க மறக்காதீர்கள்.

ஆன் நிலையில் அளக்கும்போது மீட்டரின் கறுப்பு முனையைச் சேஸிஸில் கிளிப் போட்டுவிட்டு, ஒரு கையால் மட்டும் சிவப்பு முனையைப் பிடியுங்கள். மற்றொரு கை முதுகுக்குப் பின்னால் இருக்கட்டும். மீட்டரும் அதன் வயர்களும் குறைந்தது 600 வோல்ட் தாங்குபவையாக இருக்க வேண்டும்.

வால்வு ஆம்பை ஸ்பீக்கர் இல்லாமல் ஓட்டக்கூடாது; அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் வெந்துவிடும். டிரான்சிஸ்டர் ஆம்ப் நேர்மாறு. ஸ்பீக்கர் இல்லாமல் ஓடும், ஆனால் அவுட்புட் ஷார்ட் ஆனால் டிரான்சிஸ்டர் போகும்.

மிகப் பழைய இரண்டு பின் ஆம்பாக இருந்தால் வேறெதையும் தொடும் முன் மெயின்ஸ் கார்டை மூன்று கம்பியாக மாற்றுங்கள். அந்தக் கால ஆம்ப்களில் மெயின்ஸின் ஒரு கம்பிக்கும் சேஸிஸுக்கும் நடுவே 0.047 மைக்ரோஃபாரட் அளவில் ஒரு கண்டென்சர் இருக்கும். அது ஷார்ட் ஆனால் சேஸிஸிலும், கிடாரின் தந்தியிலும், வாசிப்பவர் கையிலும் மெயின்ஸ் நிற்கும். அதை வெட்டி எறிந்துவிடுங்கள், மாற்றுப் பாகம் போட வேண்டாம். எர்த் கம்பிக்குச் சேஸிஸில் தனி போல்ட்டும் பல் வாஷரும் போடுங்கள். மற்ற இரண்டு கம்பிகளைவிட அதைக் கொஞ்சம் நீளமாக விடுங்கள். யாராவது கார்டை இழுத்துப் பிய்த்தாலும் கடைசியாக அறுவது எர்த்தாக இருக்க வேண்டும். ஃபியூஸும் ஸ்விட்சும் லைன் கம்பியில்தான் வர வேண்டும்.

சீரிஸ் பல்பு

பழுதுபார்ப்பவர் வைத்திருக்க வேண்டிய கருவிகளில் மலிவானதும் பயனுள்ளதும் இதுதான். ஆம்புக்குப் போகும் லைன் கம்பியில் 60 அல்லது 100 வாட் குண்டு பல்பு ஒன்றைத் தொடராக இணையுங்கள். எல்இடி பல்பு இதற்கு உதவாது. இழை சூடேறினால் மின்தடை கூடும் குணம்தான் இங்கே வேலை செய்கிறது. உள்ளே ஷார்ட் இருந்தால் பல்பு முழு வெளிச்சத்தில் எரியும், ஆம்புக்கு ஒன்றும் ஆகாது. ஷார்ட் இல்லையென்றால் ஒரு கணம் பளிச்சென்று எரிந்து மங்கிவிடும். பவர் வால்வுகள் இருந்தால் ஹீட்டர் கரன்ட்டால் சற்று அதிகமாகவே மினுக்கும், பயப்பட வேண்டாம். பல்பு தொடரில் இருக்கும்போது எடுக்கும் வோல்ட்டேஜ் அளவுகள் எல்லாம் குறைவாகத்தான் வரும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

ஃபியூஸ் போகிறது

போன ஃபியூஸை வீசும் முன் பாருங்கள். கண்ணாடி உள்பக்கம் கறுத்து வெள்ளி பூசியதுபோல் இருந்தால் உள்ளே நேர் ஷார்ட். கம்பி நடுவில் மட்டும் அறுந்து கண்ணாடி சுத்தமாக இருந்தால் கொஞ்சம் கொஞ்சமாக ஓவர்லோடு ஆகியிருக்கிறது, அல்லது ஃபியூஸுக்கே வயதாகிவிட்டது. எந்தக் காரணத்துக்காகவும் அளவைக் கூட்டிப் போடாதீர்கள். ஸ்லோ புளோ (ஆன் செய்யும் கணத்து அதிகக் கரன்ட்டைத் தாங்கும் ஃபியூஸ்) கேட்கும் இடத்தில் சாதா ஃபியூஸ் போட்டால் நல்ல ஆம்பிலும் ஆன் செய்தவுடன் போகும்.

வால்வு ஆம்பில் இப்படிச் சுருக்கிக்கொண்டே வாருங்கள். எல்லா வால்வையும் கழற்றிவிட்டுச் சீரிஸ் பல்பில் ஆன் செய்யுங்கள். இப்போதும் பிரகாசமாக எரிந்தால் மெயின்ஸ் வயரிங், ரெக்டிஃபயர் டயோடு (ஏசியை டிசியாக்குவது), ஃபில்டர் கண்டென்சர், பவர் டிரான்ஸ்ஃபார்மர் இவற்றில் ஒன்று. டயோடுகளை மல்டிமீட்டரின் டயோடு நிலையில் வைத்தால் ஒரு பக்கம் 0.5 முதல் 0.7 வரை காட்டும், மறுபக்கம் ஒன்றும் காட்டாது. இரு பக்கமும் சுழி என்றால் ஷார்ட். ரெக்டிஃபயர் வால்வு உள்ள செட்டில் அதை மட்டும் அடுத்ததாகச் செருகுங்கள். பல்பு எரிய ஆரம்பித்தால் அந்த வால்வோ அதற்குப் பின்னால் உள்ள ஃபில்டர் கண்டென்சரோ குற்றவாளி. அதுவும் தாண்டினால் பவர் வால்வுகளை ஒவ்வொன்றாகப் போடுங்கள். பல்பு துள்ளும் இடத்தில் பழுது அகப்படும்.

ஹம்மிங்: இரண்டு வகை, இரண்டு இடம்

வால்யூமைச் சுழியில் வைத்தும் ஹம் அப்படியே இருந்தால் அது வால்யூம் கண்ட்ரோலுக்குப் பின்னால், பெரும்பாலும் பவர் சப்ளையில். வால்யூமோடு சேர்ந்து ஏறி இறங்கினால் அதற்கு முன்னால். அடுத்து ஸ்வரத்தைக் கேளுங்கள். 50 ஹெர்ட்ஸ் மெயின்ஸ் உள்ள இடத்தில், ஃபில்டர் கண்டென்சர் காய்ந்தால் 100 ஹெர்ட்ஸில் ரம்பம் அறுப்பதுபோல் முனகும். எர்த் பிரச்சினை, ஹீட்டர் வயரிங், ஷீல்டு விட்ட கம்பி என்றால் 50 ஹெர்ட்ஸில் உருண்டையாக, ஒரு ஆக்டேவ் கீழே ஒலிக்கும். 60 ஹெர்ட்ஸ் மெயின்ஸில் இவை 120, 60. காதுக்குச் சந்தேகமாக இருந்தால் கைப்பேசியில் உள்ள டியூனர் செயலியைக் காட்டினால் போதும்.

ஃபில்டர் கண்டென்சரைச் சோதிக்க, முதல் கண்டென்சரின் மேல் மீட்டரை ஏசி நிலையில் வைத்து அளங்கள். 50 வாட் வால்வு ஆம்பில் 50 மைக்ரோஃபாரட் கண்டென்சர் என்றால், சும்மா இருக்கும்போது 5 முதல் 7 வோல்ட் ரிப்பிள் (டிசியில் மிஞ்சும் ஏசி அலை) இயல்பு. 15, 20 என்று காட்டினால் கண்டென்சர் வற்றிவிட்டது. சில மலிவு மீட்டர்கள் ஏசி நிலையில் டிசியையும் சேர்த்துக் காட்டும். சந்தேகம் வந்தால் 630 வோல்ட் தாங்கும் 0.1 மைக்ரோஃபாரட் கண்டென்சர் ஒன்றைச் சிவப்பு முனையோடு தொடராக வைத்து அளங்கள்.

மாற்றும்போது வோல்ட்டேஜ் பழையதற்குச் சமமாகவோ கூடவோ இருக்க வேண்டும். 105 டிகிரி ரகமாக வாங்குங்கள். வால்வுச் சூட்டுக்கு அருகில் 85 டிகிரி ரகம் சீக்கிரம் வற்றும். மைக்ரோஃபாரட் கொஞ்சம் கூடினால் தவறில்லை, ஆனால் ரெக்டிஃபயர் வால்வு உள்ள செட்டில் முதல் கண்டென்சரை இஷ்டத்துக்கு ஏற்றக்கூடாது. ஜிஇசட்34 வால்வுக்கு 60 மைக்ரோஃபாரட்தான் உச்ச வரம்பு. சின்ன ரெக்டிஃபயர்களுக்கு இதைவிடக் குறைவு. பத்து வருஷம் மூலையில் கிடந்த ஆம்பின் எலெக்ட்ரோலிட்டிக்குகளை மெல்ல மெல்ல வோல்ட்டேஜ் ஏற்றி உயிர்ப்பிக்கலாம் என்பார்கள். முடியும்தான். ஆனால் அவ்வளவு வயதான கண்டென்சரை நம்பி பவர் டிரான்ஸ்ஃபார்மரைப் பணயம் வைப்பதற்கு மாற்றிவிடுவதே மேல்.

பவர் வால்வு ஒன்று ஷார்ட்டாகி, புதியது போட்ட பிறகு திடீரென்று 50 ஹெர்ட்ஸ் ஹம் வந்திருந்தால், பல செட்டுகளில் ஹீட்டர் கம்பிகள் இரண்டிலிருந்தும் எர்த்துக்குப் போகும் 100 ஓம் ரெசிஸ்டர் ஜோடியைப் பாருங்கள். ஆஃப் செய்து, ஹீட்டர் பின்னிலிருந்து சேஸிஸுக்கு அளந்தால் 50 ஓம் வர வேண்டும். ஹீட்டர் வைண்டிங் வழியாக இரண்டும் இணையாகச் சேர்ந்துவிடுகின்றன. 100 காட்டினால் ஒன்று கருகிவிட்டது. ஒன்றும் காட்டாவிட்டால் இரண்டுமே போய்விட்டன.

கரகரப்பும் பொரிச்சலும்

கண்ட்ரோலைத் திருப்பும்போது மட்டும் கரகரத்தால் அழுக்கு. அதன் உள்ளே கிளீனர் அடித்து இருபது முப்பது முறை முழுக்கச் சுழற்றினால் தீரும். அடித்தும் மறுநாளே திரும்ப வந்தால் கண்ட்ரோலைக் குறை சொல்லாதீர்கள். அதன் மேல் டிசி வந்து நிற்கிறதா என்று அளங்கள். வால்யூம் கண்ட்ரோலில் டிசி சுழியாக இருக்க வேண்டும். அரை வோல்ட், ஒரு வோல்ட் காட்டினால் அதற்கு முன்னால் உள்ள கப்ளிங் கண்டென்சர் (டிசியைத் தடுத்து சிக்னலை மட்டும் அடுத்த கட்டத்துக்கு விடுவது) லீக் ஆகிறது. வழக்கமாக 0.022 அல்லது 0.1 மைக்ரோஃபாரட், 630 வோல்ட் பாலிப்ராப்பிலீன் அல்லது பாலியஸ்டர் போடுங்கள்.

யாரும் எதையும் தொடாமலே பொரிந்தால், அல்லது புயல் காற்றுபோல் இரைச்சல் ஏறி இறங்கினால், வால்வின் பிளேட் முனைக்கு வோல்ட்டேஜ் கொண்டுபோகும் பிளேட் ரெசிஸ்டர்களைச் சந்தேகியுங்கள். 100 கிலோஓம் கார்பன் காம்போசிஷன் வகை வயதாக ஆக மதிப்பு ஏறும், உள்ளே பொரியும். எந்தக் கட்டம் என்று கண்டுபிடிக்க பவர் வால்வுக்கு முன்னால் உள்ள, அந்த ஜோடிக்கு சிக்னலை இரண்டாகப் பிரித்துத் தரும் ஃபேஸ் இன்வெர்ட்டர் வால்வைக் கழற்றுங்கள். சத்தம் நிற்காவிட்டால் பவர் பகுதி. நின்றால் அதைத் திரும்பப் போட்டு, இன்புட் பக்கம் நோக்கி ஒவ்வொரு வால்வாகக் கழற்றிக்கொண்டே போங்கள். முதலில் எதைக் கழற்றியும் பொரிச்சல் நிற்காமல் இருக்கிறதோ, பழுது அந்த வால்வுக்குப் பின்னால்தான், அதாவது ஸ்பீக்கர் பக்கமாக. ஹீட்டர்கள் தொடராக இணைந்த செட்டுகளில் மட்டும் இது நடக்காது, ஒன்றைக் கழற்றினால் மற்றதும் அணைந்துவிடும். கண்டுபிடித்த இடத்தில் 1 வாட் மெட்டல் ஃபிலிம் போடுங்கள். கார்பன் காம்ப் போனால் ஆம்பின் குரலே போய்விடும் என்று ஒரு நம்பிக்கை உண்டு. பொரிச்சலைத் தவிர வேறெதுவும் போவதாகக் காதுக்குத் தெரிவதில்லை.

தட்டினால் மணிபோல் ஒலிக்கும் வால்வு மைக்ரோஃபோனிக் ஆகிவிட்டது. பென்சிலின் அழிப்பான் முனையால் ஒவ்வொன்றாக மெதுவாகத் தட்டுங்கள். முதல் வால்வு கொஞ்சம் ஒலிப்பது இயல்பு, ஊளையிட்டால் மாற்றுங்கள். தட்டும்போது சத்தம் போய் வந்தால் வால்வைவிட சாக்கெட்டைப் பாருங்கள். பின்கள் தளர்ந்திருக்கும், அல்லது போர்டில் சாக்கெட்டின் காலில் டிரை சால்டர் (சரியாகப் பிடிக்காத பற்று) இருக்கும். மூங்கில் குச்சியால் போர்டைத் தட்டிக்கொண்டே போனால் டிரை சால்டர் தானே காட்டிக்கொடுக்கும். அதன்மேல் சும்மா சூடு காட்டாமல், பழைய ஈயத்தை உறிஞ்சி எடுத்துவிட்டுப் புதிதாக 60/40 ரோசின் ஈயம் வையுங்கள்.

சத்தம் குறைவு, உடைசல்

12ஏஎக்ஸ்7 வால்வில் மூன்று இடம் அளந்தால் போதும். 1, 6 பின்கள் பிளேட். 2, 7 கிரிட். 3, 8 கேத்தோடு. 100 கிலோஓம் பிளேட் ரெசிஸ்டரும் 1.5 கிலோஓம் கேத்தோடு ரெசிஸ்டரும் உள்ள சாதாரணக் கட்டத்தில், கேத்தோடில் 1.5 வோல்ட் இருந்தால் ஓடுவது 1 மில்லியாம்பியர். பிளேட் ரெசிஸ்டரில் 100 வோல்ட் விழ வேண்டும். சப்ளை 280 என்றால் பிளேட்டில் 180. பிளேட்டில் முழு 280-ம் நின்று கேத்தோடில் சுழி இருந்தால் வால்வில் கரன்ட் ஓடவில்லை. பிளேட்டில் 50, 60 என்று மட்டும் இருந்து கேத்தோடில் அரை வோல்ட் என்றால் பிளேட் ரெசிஸ்டர் மதிப்பு ஏறிவிட்டது. வோல்ட்டேஜ் எல்லாம் சரி, சத்தம் மட்டும் மெலிந்துவிட்டது என்றால் கேத்தோடு பைபாஸ் கண்டென்சர், பெரும்பாலும் 22 மைக்ரோஃபாரட் 25 வோல்ட், வற்றியிருக்கும்.

பவர் வால்வின் பிளேட் செங்கல் நிறத்தில் சிவந்தால் உடனே ஆஃப் செய்யுங்கள். பயாஸ் (வால்வில் ஓடும் கரன்ட்டைக் கட்டுப்படுத்த கிரிட்டுக்குத் தரும் மைனஸ் வோல்ட்டேஜ்) போய்விட்டது. வால்வுகளைக் கழற்றி, இஎல்34, 6எல்6 சாக்கெட்டில் 5-ஆம் பின்னை அளங்கள். பயாஸுக்குத் தனி சப்ளை உள்ள ஃபிக்ஸட் பயாஸ் செட்டில் அங்கே மைனஸ் 35 முதல் 55 வரை இருக்க வேண்டும். இரண்டு சாக்கெட்டிலும் சுழி என்றால் பயாஸ் சப்ளை. ஒன்றில் மட்டும் சில வோல்ட் குறைவாக இருந்தால் அந்தப் பக்கத்துக் கப்ளிங் கண்டென்சர் லீக். பயாஸ் சப்ளையில் உள்ள 50 மைக்ரோஃபாரட் 100 வோல்ட் கண்டென்சரை மற்ற ஃபில்டர்களோடு சேர்த்து மாற்றுவது நல்லது. மாற்றும்போது கவனம்: இங்கே பாஸிட்டிவ் முனைதான் எர்த்துக்குப் போகும். மற்ற கண்டென்சர்களைப் பார்த்துப் பழகிய கை இதைத் தலைகீழாக வைத்துவிடும். சில நிமிஷத்தில் கண்டென்சரும் பின்னாலேயே வால்வுகளும் போகும்.

கூடவே 4-ஆம் பின்னுக்குப் போகும் ஸ்க்ரீன் ரெசிஸ்டர்களையும் அளங்கள், 470 ஓம் அல்லது 1 கிலோஓம். ஒன்று அறுந்தால் அந்த வால்வு வேலை செய்யாது. சத்தம் பாதியாகி உடையும்.

பயாஸ் அமைக்க, கேத்தோடுக்கும் எர்த்துக்கும் நடுவே 1 ஓம் ரெசிஸ்டர் வைத்தால் 1 மில்லிவோல்ட் என்பது 1 மில்லியாம்பியர். வால்வின் உச்ச வாட்டில் 70 சதவீதத்தைத் தாண்ட வேண்டாம். இஎல்34-க்கு உச்சம் 25 வாட், அதில் 70 சதவீதம் 17.5. பிளேட்டில் 450 வோல்ட் என்றால் 39 மில்லியாம்பியர். 6எல்6ஜிசி 30 வாட். 420 வோல்ட்டில் 50 மில்லியாம்பியர். இது உச்சவரம்பு. 60 சதவீதத்திலேயே குரல் பிடித்திருந்தால் அங்கேயே விடுங்கள், வால்வு அதிக நாள் உழைக்கும்.

டிரான்சிஸ்டர் ஆம்பில்

ஆன் செய்தவுடன் பெரிய ஹம்மோடு ஸ்பீக்கர் கோன் ஒரு பக்கம் தள்ளி அப்படியே நின்றால், அவுட்புட் டிரான்சிஸ்டர் ஷார்ட்டாகி ஸ்பீக்கருக்கு டிசி போகிறது. உடனே ஆஃப். ஸ்பீக்கரைக் கழற்றிவிட்டு சீரிஸ் பல்பில் ஓட்டி அவுட்புட்டில் டிசி அளங்கள். 50 மில்லிவோல்ட்டுக்குள் இருக்க வேண்டும்.

அவுட்புட் டிரான்சிஸ்டர் ஒன்று போனால் ஜோடியாக மாற்றுங்கள். அதோடு நிற்காமல் டிரைவர்களையும், 0.22 முதல் 0.47 ஓம் வரை இருக்கும் எமிட்டர் ரெசிஸ்டர்களையும் சோதியுங்கள். அறுந்த எமிட்டர் ரெசிஸ்டரைப் பார்க்காமல் புது டிரான்சிஸ்டர் போடுவதால்தான் பழுது இரண்டாவது முறை வருகிறது. மைக்கா, பேஸ்ட் போட்டு இறுக்கிய பிறகு கலெக்டருக்கும் ஹீட் சிங்குக்கும் நடுவே மீட்டர் எதுவும் காட்டக்கூடாது.

பிரீஆம்பில் 4558, டிஎல்072 போன்ற எட்டுக் கால் ஐசிகள் இருக்கும். 8-ஆம் காலில் பிளஸ் 15, 4-ஆம் காலில் மைனஸ் 15, 1-இலும் 7-இலும் சுழிக்கு அருகில். 1 அல்லது 7-இல் 13, 14 வோல்ட் நின்றால் அந்த ஐசி போய்விட்டது. ஒரு பக்க 15 வோல்ட்டே இல்லையென்றால், அதை உண்டாக்கும் ஜீனர் டயோடையும் அதற்கு முன்னால் உள்ள பெரிய ரெசிஸ்டரையும் பாருங்கள். அந்த ரெசிஸ்டர் எப்போதும் கொதித்துக்கொண்டே இருக்கும். அதைச் சுற்றி போர்டு காப்பி நிறத்தில் கருகியிருக்கும், கால்களைச் சுற்றி ஈயத்தில் வட்டமாக விரிசல் விட்டிருக்கும். புதியதைப் போர்டிலிருந்து 5, 6 மில்லிமீட்டர் தூக்கி வைத்து சால்டர் செய்யுங்கள்.

ரிவெர்பும் ஸ்பீக்கரும்

ரிவெர்ப் மட்டும் வேலை செய்யவில்லை என்றால் ஸ்பிரிங்குகள் உள்ள ரிவெர்ப் டேங்கின் இரண்டு முனைகளையும் ஓம்ஸில் அளங்கள். அவுட்புட் பக்கம் பெரும்பாலான டேங்குகளில் 200 ஓம் அளவில் இருக்கும். எதுவும் காட்டாவிட்டால் காயிலிலிருந்து சாக்கெட்டுக்குப் போகும் மயிரிழைக் கம்பி அறுந்திருக்கும். அதைப் பற்றவைக்க முடியும், பொறுமைதான் வேண்டும்.

8 ஓம் ஸ்பீக்கர் மீட்டரில் 6 முதல் 7 ஓம் காட்டும். கோனை இரண்டு கை விரல்களாலும் சமமாக உள்ளே அமுக்குங்கள். உரசல் கேட்டால் வாய்ஸ் காயில் தேய்கிறது, ஆம்பில் எதை மாற்றினாலும் அந்த உடைசல் போகாது.

எல்லாம் முடிந்ததும் சீரிஸ் பல்பை எடுத்துவிட்டு நேராக மெயின்ஸில் ஒரு மணி நேரம் ஓட்டுங்கள், கடைசிப் பத்து நிமிஷம் ஓங்கி வாசியுங்கள். சூடான நிலையில் பயாஸையும், டிரான்சிஸ்டர் ஆம்ப் என்றால் அவுட்புட் டிசியையும் இன்னொரு முறை அளங்கள். பிளேட் வோல்ட்டேஜ், பயாஸ் கரன்ட், மாற்றிய பாகங்கள், தேதி இவற்றை ஒரு சீட்டில் எழுதி சேஸிஸின் உள்பக்கம் சூடு படாத இடத்தில் ஒட்டிவிட்டு மூடியை மாட்டுங்கள்.